அம்மாவின் மாத்திரைகள்: அரசாங்க கிளினிக்கா, தனியார் கிளினிக்கா, ஃபார்மசியா?

தீபாவளிக்கு வீடு துடைக்கும் சாக்கில்தான் அந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சாமி மேடைக்குக் கீழே பல ஆண்டுகளாக இருக்கும் டின் அது. அதில் பிஸ்கட் இருந்த காலம் எனக்கு நினைவில்லை. தரையில் பழைய பேப்பரை விரித்து அதைக் கவிழ்த்தேன். பதினேழு மருந்துப் பொட்டலங்கள், இரண்டு இருமல் மருந்துப் பாட்டில்கள், சென்னைக்குப் போய்வந்த பெரியம்மா தந்த ஓர் அட்டை மாத்திரை, முழங்கால் வலிக்கு யாரோ கொடுத்த பெயரில்லாத கறுப்பு உருண்டைகள்.

இனம் பிரித்து அடுக்கிக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் கை நின்றது. அரசாங்க கிளினிக் பையின் வெள்ளை லேபிளில் ‘பெரிண்டோப்ரில் 4 மி.கி.’ என்று இருந்தது. பக்கத்தில், தனியார் கிளினிக் கொடுத்த சிறு குப்பியில் பெரிய எழுத்தில் ‘கவர்சில் 5 மி.கி.’ என்றும், அதற்குக் கீழே கண்ணாடி போட்டும் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய அளவில் ‘பெரிண்டோப்ரில் அர்ஜினின்’ என்றும் இருந்தது. கவர்சில் என்பது நிறுவனம் வைத்த பெயர்; இரண்டும் ஒரே மருந்து. மருந்தோடு சேர்த்திருக்கும் உப்பு வேறு என்பதால் எண் மட்டும் மாறுகிறது. அந்த நான்கும் இந்த ஐந்தும் செய்யும் வேலை ஒன்றுதான்.

“அம்மா, இந்த இரண்டையும் சாப்பிடுகிறீர்களா?”

“ஆமாம். ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை. வேறு வேறு மருந்துதானே?”

ஆறு வாரமாக ரத்த அழுத்த மாத்திரையை இரட்டிப்பாகச் சாப்பிட்டிருக்கிறார். குளித்துவிட்டு எழும்போது தலை சுற்றுகிறது, சுவரைப் பிடித்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னபோதெல்லாம் வயதாகிவிட்டது என்று நானும் தலையாட்டியிருக்கிறேன். மூன்று மாதமாக இரவில் ஒரு வறட்டு இருமல் வேறு. அதற்குத்தான் அந்த இரண்டு பாட்டில்கள்.

அம்மாவுக்கு 69 வயது. இனிப்புநீர், ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் உண்டு. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. ஆகவே இப்படி ஒரு டின் எங்கள் வீட்டில் மட்டும் இருக்க வாய்ப்பில்லை.

அன்று இரவு ஷா ஆலாமில் இருக்கும் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். “இனிமேல் எல்லாவற்றையும் தனியார் கிளினிக்கிலேயே வாங்கு, பணத்தை நான் அனுப்புகிறேன்” என்றான். மாமா, “பெரிய ஃபார்மசிக்குப் போ, பாதி விலைதான்” என்றார். அம்மாவுக்கோ அரசாங்க கிளினிக்கை விட மனமில்லை. மூன்றையும் சில மாதங்கள் அலைந்து பார்த்துவிட்டேன். நான் மருத்துவத்துறையைச் சேர்ந்தவள் அல்ல. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு பார்ப்பவள். கணக்குப் பிரிவில் இருப்பவளுக்குத் தெரிந்த ஒன்று உண்டு: ஒரே வீட்டின் செலவை மூன்று பேர் மூன்று புத்தகத்தில் எழுதினால், ஒவ்வொரு புத்தகமும் சரியாக இருந்தும் மொத்தக் கணக்கு தவறிவிடும். மருந்திலும் அதுதான் நடந்திருந்தது. அதனால் விலை, காத்திருப்பு ஆகியவற்றோடு, ‘அந்த டின்னில் இருப்பது முழுவதும் யார் கண்ணில் படுகிறது?’ என்பதையும் சேர்த்தே ஒவ்வோர் இடத்தையும் எடை போட்டேன்.

ஒரு வெள்ளி கிளினிக்

விலையைப் பற்றிப் பேச இங்கே ஒன்றுமில்லை. குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). பார்ப்பது, ரத்தம் எடுப்பது, மருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். விலையாகக் கொடுப்பது நேரத்தைத்தான். அம்மா காலை ஆறரை மணிக்கே கிளம்பிவிடுவார். எண் கூப்பிடும் திரைக்கு எதிரே உட்கார்ந்து, மருந்து முகப்பைத் தாண்டி வெளியே வரும்போது சில நாள் பகல் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும்.

ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த வரிசை தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. மருத்துவர் சில மாதங்களுக்கான சீட்டை ஒன்றாக எழுதிவிடுகிறார். மருந்து மட்டும் மாதாமாதம் பிரித்துத் தரப்படுகிறது. இரண்டாம் மாதம் முதல் நேரே மருந்து முகப்புக்குப் போனால் போதும். வாகனத்திலிருந்து இறங்காமலே வாங்கும் முகப்பு சில இடங்களில் உண்டு. அஞ்சலில் வீட்டுக்கே அனுப்பும் சேவையும் உண்டு. எங்கள் கிளினிக்கில் இதையெல்லாம் யாரும் வலிய வந்து சொல்லவில்லை. கேட்டபோதுதான் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்கள்.

இந்த இடத்தின் உண்மையான பலம் ரத்தப் பரிசோதனை. பெரிண்டோப்ரில் போன்ற மருந்தைத் தொடங்கினாலும் அளவைக் கூட்டினாலும் சிறுநீரகத்தையும் ரத்தத்திலுள்ள பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபோர்மினுக்கும் சிறுநீரகக் கணக்கு வேண்டும். பல ஆண்டுகள் அதைச் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். சிறுநீரகம், பொட்டாசியம் போன்ற பரிசோதனைகள் இங்கே தானாகவே நடக்கின்றன, முடிவுகள் ஒரே கோப்பில் சேர்கின்றன. வெளியில் என்றால், நாம் கேட்டுப் பணம் கட்டினால்தான்.

பலவீனங்களையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர். கோப்பைப் புரட்டுவதற்கே பாதி நேரம் போய்விடுகிறது. மருந்து முகப்பில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மருந்தாளர் மலாயில் வேகமாகச் சொல்வதை, பின்னால் ஐம்பது பேர் நிற்கும் பரபரப்பில் அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொள்வார் என்றேனே தவிர, புரிந்துகொள்வார் என்று சொல்லவில்லை. லேபிளில் ‘செபெலும் மாக்கான்’ என்றால் சாப்பாட்டுக்கு முன், ‘செலெபாஸ் மாக்கான்’ என்றால் பின். தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய அம்மாவுக்கு அந்த எழுத்து ஓடாது. நிறத்தை வைத்துத்தான் மாத்திரையை அடையாளம் காண்கிறார்.

ஆபத்து அந்த இடத்தில்தான் பதுங்கியிருக்கிறது. அரசாங்கம் மருந்தை எந்த நிறுவனத்திடம் வாங்குகிறதோ, அதைப் பொறுத்து அதே மருந்தின் நிறமும் வடிவமும் மாறும். சென்ற முறை வெள்ளை வட்டம், இந்த முறை மஞ்சள் நீள்வட்டம். நிறத்தை நம்பியிருப்பவர் புது மாத்திரை வந்ததாக எண்ணி, பழையது மிச்சமிருந்தால் இரண்டையும் போட்டுக்கொள்வார். அம்லோடிபின் என்ற இன்னொரு ரத்த அழுத்த மாத்திரை விஷயத்தில் அம்மா அப்படியும் ஒரு வாரம் செய்திருக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது.

கையைப் பிடித்துப் பார்க்கும் டாக்டர்

தனியார் கிளினிக்கின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. இரவு ஒன்பது மணிக்கும் திறந்திருக்கிறது, டாக்டர் தமிழில் பேசுகிறார், “பேரப்பிள்ளை எப்படி இருக்கிறான்?” என்று விசாரிக்கிறார். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அடிபட்ட காயம் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

செலவு கூடுதல். அம்மாவின் ஐந்து மருந்துகளுக்கும் பார்வைக் கட்டணத்துக்கும் சேர்த்து ஒரு மாதத்துக்கு 190 வெள்ளி கொடுத்தேன். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் ஃபார்மசிகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே வாங்குவதற்கு முன்பே விலையைப் பார்க்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. நம் நாட்டில் தனியார் டாக்டரே மருந்தும் கொடுக்கலாம் என்பதால் பெரும்பாலோர் அங்கேயே வாங்கிவிடுகிறோம். அந்த அலமாரியில் எது இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். ‘மருந்துச் சீட்டு மட்டும் எழுதிக்கொடுங்கள், வெளியில் வாங்கிக்கொள்கிறேன்’ என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. முதல் முறை கேட்டபோது என் குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் வந்தது.

கவர்சில் எப்படி வந்தது என்பதை விசாரித்தேன். அரசாங்க கிளினிக்கில் தேதி தவறிப்போய் மருந்து தீர்ந்த வாரத்தில், “பிரஷர் மாத்திரை இல்லை” என்று அம்மா தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். அங்கே கொடுத்தார்கள். அடுத்த வாரம் அரசாங்க மருந்தும் வந்து சேர்ந்தது. இதில் டாக்டரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இருமல் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. மூன்று மாதத்தில் இரண்டு முறை போயும், இருமலுக்கு இருமல் மருந்துதான் வந்ததே தவிர, ‘என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்ற கேள்வி வரவில்லை. கொடுத்த இருமல் மருந்துகளில் ஒன்று தூக்கத்தை வரவழைக்கும் டைஃபென்ஹைட்ரமின் கலந்தது. ஏற்கெனவே தலை சுற்றிக்கொண்டிருந்த 69 வயதுக்காரருக்கு, வழுக்கும் குளியலறை உள்ள வீட்டில், தூக்க மயக்கமும் சேர்ந்தால் இடுப்பெலும்பு முறிவதற்கு வேறென்ன வேண்டும்?

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி இன்னொரு மருந்து, அதன் பக்கவிளைவுக்கு மூன்றாவது மருந்து என்று நூல் பிடித்துப் போவது முதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. அம்லோடிபினால் கணுக்கால் வீங்கும். அதைப் பார்த்து நீர் பிரியும் மாத்திரை தருவார்கள். அது வீக்கத்தை அவ்வளவாகக் குறைப்பதில்லை, ஆனால் இரவில் நான்கு முறை எழுப்பிவிடும். அம்மாவுக்குக் கணுக்காலில் செருப்பு வார் பதிந்த தடம் மாலையில் தெரியும். நீர் மாத்திரை அளவுக்கு இன்னும் போகவில்லை, அவ்வளவுதான்.

ஃபார்மசியில் கிடைத்த பதில்

பொட்டலங்களை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு, பசார் பக்கமுள்ள ஃபார்மசிக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். உள்ளே விற்பனைப் பெண்கள் இருவர், வெள்ளை அங்கியில் ஓர் இளம் சீனப் பெண். பலர் தவறும் இடம் இதுதான்: விற்பனை உதவியாளரிடம் கேட்பதும் மருந்தாளரிடம் கேட்பதும் ஒன்றல்ல. 1952-ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டப்படி சில மருந்துகள் மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். வேறு சிலவற்றை மருந்தாளர் தாமே விசாரித்து, பதிந்துகொண்டு தரலாம். மருந்தாளர் கடையில் இல்லாத நேரத்தில் இரண்டையுமே விற்கக் கூடாது.

அவர் பையை மேசையில் கொட்டச் சொன்னார். அம்மா இருமினார். அந்தப் பெண் தலையை நிமிர்த்தினார்.

“ஆன்ட்டி, எவ்வளவு நாளாக இந்த இருமல்? சளி வருகிறதா?”

“மூன்று மாதம். சளி இல்லை. தொண்டையில் ஏதோ பூச்சி ஊர்வது போல.”

“பிரஷருக்கு ‘பிரில்’ என்று முடியும் மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?”

கேட்டுக்கொண்டே அவர் விரல் அந்த வெள்ளைப் பைக்கும் பச்சைக் குப்பிக்கும் போய்விட்டது. மூன்று மாதத்து மர்மம் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. எனக்கு மகிழ்ச்சியைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். ரத்தக்குழாய்களை இறுக்கும் ஒரு பொருளை உடலில் உண்டாக்கும் நொதியை பெரிண்டோப்ரில், எனலாப்ரில் வகை மருந்துகள் அடக்குகின்றன. ரத்த அழுத்தம் இறங்குகிறது. அதே நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பது. நொதியை அடக்கினால் பிராடிகைனின் தேங்கி, மூச்சுப்பாதையில் கூச்சத்தை உண்டாக்கி இருமலைக் கிளப்புகிறது. ஆசிய மக்களுக்கு இது அதிகமாக வருகிறது. மருந்து தொடங்கிய உடனேயும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். இருமல் மருந்து இதை அசைக்காது. மருந்தை மாற்றினால் பொதுவாக ஒன்று முதல் நான்கு வாரத்தில் அடங்கிவிடும். சிலருக்கு இன்னும் நாளாகும். மாற்றாக லொசார்டான், டெல்மிசார்டான் வகை இருக்கிறது. அதில் இந்த இருமல் அரிது.

“அப்படியானால் இன்றே நிறுத்திவிடட்டுமா?” என்றார் அம்மா.

“இரண்டில் ஒன்றை இன்றே நிறுத்துங்கள். மற்றதை டாக்டர் மாற்றித் தரும்வரை விடாதீர்கள், ஆன்ட்டி. இருமலோடு இன்னும் சில நாள் இருக்கலாம். மருந்தே இல்லாமல் பிரஷர் ஏறினால் பொல்லாதது.” பிறகு ரத்த அழுத்தத்தைப் பார்த்து, ஒரு குறிப்பை எழுதி, கிளினிக்கில் காட்டச் சொன்னார். இதற்கு அவர் காசு கேட்கவில்லை. நாங்கள்தான் நாகரிகத்துக்கு ஒரு பற்பசை வாங்கிக்கொண்டு வந்தோம்.

விலையில் மாமா சொன்னது ஏறத்தாழச் சரி. சீட்டோடு போய், நிறுவனப் பெயர் இல்லாத பொதுப்பெயர் மருந்தாக வாங்கினால் அம்மாவின் மாத மருந்து நூறு வெள்ளிக்குள் முடியும். ஆனால் ஃபார்மசிக்கு ரத்தப் பரிசோதனை முடிவு தெரியாது, கோப்பு தெரியாது. நாம் பையைக் கொட்டினால்தான் அவருக்குத் தெரியும். பனடோல் மட்டும் வாங்கிக்கொண்டு ஓடிவந்தால் அது வெறும் கடைதான்.

சென்னை அட்டையும் கறுப்பு உருண்டையும்

இந்த இரண்டையும் ஒப்பீட்டில் சேர்க்கவே விருப்பமில்லை. ஆனால் நம் வீடுகளில் இவை உண்மையாகவே ஒரு ‘வழி’யாக இருக்கின்றன.

பெரியம்மா தந்த அட்டை கலப்பட மருந்து அல்ல. நல்ல நிறுவனத்தின் மாத்திரைதான். ஆனால் இந்தியாவில் இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்து விற்பது மிக வழக்கம். பெரியம்மாவின் மாத்திரையில் டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்திருந்தன. இங்கே ஏற்கெனவே அம்லோடிபின் சாப்பிடும் அம்மா இதையும் போட்டால் மறுபடி இரட்டிப்பு. சர்க்கரை மாத்திரையிலும் இப்படித்தான்: மெட்ஃபோர்மினோடு கிளிமெபிரைடு சேர்ந்தது அங்கே சாதாரணம். ‘எனக்கு ஒத்துக்கொண்டது, உனக்கும் ஒத்துக்கொள்ளும்’ என்று தங்கைக்குக் கொடுக்கும் அன்பு சேலைக்கும் தாளிதப் பொடிக்கும் பொருந்தும். மாத்திரைக்குப் பொருந்தாது.

கறுப்பு உருண்டைக்கு வருவோம். மலேசியாவில் முறையாகப் பதிவான எந்த மருந்திலும், பாரம்பரிய மருந்தாக இருந்தாலும், ‘எம்.ஏ.எல்.’ (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கத்தோடு ஒரு பதிவு எண் இருக்கும். கடைசி எழுத்து ‘டி’ (T) என்றால் பாரம்பரிய மருந்து, ‘என்’ (N) என்றால் ஊட்டச்சத்துப் பொருள், ‘ஏ’ (A) என்றால் நச்சுப் பொருள் பட்டியலில் உள்ள மருந்து. அந்த எண் உண்மையானதா என்று பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் தளத்தில் தேடிப் பார்க்கலாம். அம்மாவின் உருண்டைக்கு எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. பதிவில்லாத மூட்டுவலி மருந்துகளில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது இங்கே திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி மாயமாக மறைகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். அது சர்க்கரையை ஏற்றும், முகத்தை ஊதச் செய்யும், எலும்பைக் கரைக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் சொல்லித்தான் விடவேண்டும். அம்மா நல்லவேளையாக மூன்று உருண்டைதான் விழுங்கியிருந்தார். கசப்பாம்.

சாப்பாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொழுப்பு மாத்திரையான சிம்வாஸ்டாட்டின் உடலில் கரையும் வேகத்தை கிரேப்ஃப்ரூட் பழம் குறைத்து, மருந்தை ரத்தத்தில் தேக்கிவிடும். அதே வகைப் பொருள்கள் லிமாவ் பாலி என்று பசாரில் அடுக்கியிருக்கும் பம்பளிமாஸிலும் இருக்கின்றன. பாகற்காய்ச் சாற்றை, சர்க்கரைக்குத் தரும் கிளிக்ளசைடு மாத்திரையோடு சேர்த்துத் தினமும் குடித்தால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கலாம். முழங்கால் வலிக்குப் பொன்ஸ்தான் போன்ற வலி மாத்திரைகளை, பெரிண்டோப்ரில் அல்லது லொசார்டான் சாப்பிடுபவர் நாள்கணக்கில் விழுங்கினால் அடி சிறுநீரகத்தில் விழும். மருந்தாளர் அம்மாவிடம் மூன்று முறை சொன்னது இதைத்தான்.

தைப்பூச விரதமும் உண்டு. தண்ணீர்மலைக்கு நடக்கும் முன் நாள்கணக்கில் ஒருவேளை உணவோடு இருக்கும் அம்மா, கிளிக்ளசைடை மட்டும் வழக்கம்போல் இரண்டு வேளையும் போட்டுக்கொள்வார். சாப்பாடு இல்லாமல் அந்த மாத்திரை நடுக்கம், வியர்வை, மயக்கம் என்று கொண்டுபோய்விடும். விரதம் தொடங்கும் முன்பே கிளினிக்கில் சொன்னால் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருகிறார்கள். முருகனுக்கும் அதில் ஆட்சேபம் இருக்காது. நடுக்கம் வந்துவிட்டால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.

நிறுத்துவதா, பொறுப்பதா, கேட்பதா?

பக்கவிளைவு என்று சந்தேகம் வரும்போது நம் ஆட்கள் இரண்டு வகை. ஒரு வகை உடனே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த தவணையில் டாக்டரிடம் “ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்” என்று சொல்லும். அதை நம்பி அவர் அளவைக் கூட்டுவார். இன்னொரு வகை, டாக்டர் கொடுத்ததாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வருடக்கணக்கில் பொறுக்கும். அம்மா இரண்டாவது வகை, நான் முதல் வகை.

பொறுத்துக்கொள்ளக் கூடியவை இருக்கின்றன. மெட்ஃபோர்மின் தொடக்கத்தில் வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால், அளவை மெல்ல ஏற்றினால், சில வாரத்தில் பழகிவிடும். பழகாவிட்டால் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, கேட்டு வாங்கலாம். சில நாளுக்குள் கேட்க வேண்டியவை: வறட்டு இருமல், கணுக்கால் வீக்கம், எழும்போது தலைச்சுற்றல், கொழுப்பு மாத்திரை தொடங்கிய பிறகு வரும் தசைவலி. அந்தத் தசைவலி கடுமையாகி, சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாமதமே கூடாதவை வேறு. உதடு, நாக்கு, முகம் வீங்குவது, மூச்சு அடைப்பது: 999-ஐ அழைக்க வேண்டும். பெரிண்டோப்ரில் வகையில் இது அரிதாக நடக்கும். பல வருடம் சாப்பிட்ட பிறகும் நடக்கலாம். யூரிக் அமிலத்துக்குத் தரும் அலோபியூரினால், வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின் ஆகியவற்றைத் தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலோடு தோலில் தடிப்பு, வாயில் புண், கண் சிவப்பு தோன்றினால், மாத்திரையை அந்த நொடியே நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். தோலே உரிந்துபோகும் நோயாக அது மாறக்கூடும். இதற்கு நேர் எதிராக, பைசொப்ரொலோல் போன்ற இதய மாத்திரை, பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு, வலிப்பு மருந்துகள் ஆகியவற்றை நாமாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது.

கேட்பதற்கு இன்னோர் இடமும் நம் தீவிலேயே இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய நச்சு மையம் நாடு முழுவதற்கும் உரியது. குழந்தை பாட்டியின் மாத்திரையை விழுங்கிவிட்டது, மருந்தை இரண்டு முறை போட்டுவிட்டோம் என்பது போன்ற நேரத்தில் 1-800-88-8099 என்ற எண்ணை அழைக்கலாம். பக்கவிளைவு ஏற்பட்டதை ஒழுங்குமுறைப் பிரிவுக்கு நாமே புகாராகத் தெரிவிக்கவும் பயனீட்டாளர்களுக்கென்று படிவம் இருக்கிறது. மருந்தாளர் எங்களுக்காக அதை நிரப்பித் தந்தார்.

எங்கள் தேர்வு

மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் அரசாங்க கிளினிக்கைத்தான் சொல்வேன். ஒரு வெள்ளி என்பதற்காக அல்ல; பரிசோதனையும் கோப்பும் மருந்தும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருப்பதற்காக. தம்பியின் 190 வெள்ளியால் நேரம் மிச்சமாகும். ஆனால் அம்மா அவ்வப்போது அரசாங்க கிளினிக்குக்கும் போய்க்கொண்டுதான் இருப்பார், மறுபடி இரண்டு புத்தகக் கணக்குதான். வேலை நேரத்தில் விடுப்பே எடுக்க முடியாத, நிலையான ஒரே குடும்ப டாக்டர் இருக்கிற வீடுகளுக்குத் தனியார் கிளினிக் பொருந்தலாம். அப்போதும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும், மருந்துச் சீட்டையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நாங்கள் ஒன்றோடு நிற்கவில்லை. நாள்பட்ட நோய் மருந்துகள் அரசாங்க கிளினிக்கில் மட்டும். வெளியில் வாங்கும் எதுவும், அது பனடோலோ வைட்டமினோ, பசார் ஃபார்மசியில் அதே மருந்தாளரிடம் மட்டும். தனியார் கிளினிக் திடீர்க் காய்ச்சலுக்கு, போகும்போது பட்டியலோடு.

பட்டியல் ஒரே தாள். மருந்தின் பொதுப்பெயரைத் தமிழ் எழுத்தில் நான் எழுதியிருக்கிறேன், பக்கத்தில் லேபிளில் உள்ளபடியே ஒரு முறை. எதற்கு, எத்தனை, எப்போது, யார் கொடுத்தது, எப்போதிலிருந்து. ஒரு படி அம்மாவின் அடையாள அட்டை (ஐ.சி.) உறையில், ஒரு படி குளிர்சாதனப் பெட்டிக் கதவில், ஒரு படம் எங்கள் மூவரின் தொலைபேசியிலும். கடந்த மாதம் சளிக்காகத் தனியார் கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் அதை வாங்கி முழுவதும் படித்துவிட்டு, எழுதத் தொடங்கிய கிருமிக்கொல்லியை அடித்து வேறொன்றை எழுதினார். முதலில் எழுதியது கிளாரித்ரோமைசின். சிம்வாஸ்டாட்டினோடு சேரக் கூடாத மருந்து. நல்ல டாக்டர்தான். அவருக்குத் தாள் தேவைப்பட்டது.

அரசாங்க கிளினிக்கில் பெரிண்டோப்ரிலை லொசார்டானாக மாற்றினார்கள், அம்லோடிபினைப் பத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள், இரண்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். மூன்றாவது வாரம் இருமல் நின்றது. செருப்பு வார்த் தடம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மிஞ்சிய பொட்டலங்களைக் கழிப்பறையில் கொட்டாமல், மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்தோம். பயன்படுத்தாத மருந்துகளை அங்கே வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்த மாதம் அம்மா ஆறு வாரத்துக்கு ஷா ஆலாம் போகிறார். அங்கே போய் மருந்து தீர்ந்தால் மறுபடி ஒரு பச்சைக் குப்பி வந்துவிடுமோ என்று எனக்குக் கவலை. மருந்து முகப்பில் கேட்டேன். முன்கூட்டியே சொல்லிவிட்டால், அடுத்த தவணை மருந்தைத் தம்பி வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்து தருகிறார்களாம். கிளினிக் பெயரையும் போகும் தேதியையும் கேட்டிருக்கிறார்கள். தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.